சேட்டை என்று காதில் விழுந்தது

கதவுக்கு வெளியே டேபிள் ஃபேன் வைக்கச் சொன்னது என் மகளின் தெரபிஸ்ட். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாதாம், ஃபேன் சத்தத்தில் பேச்சு அமுங்கிவிடுமாம். முதல் நாள் என்னையும் என் வீட்டுக்காரரையும் லேப்டாப் முன்னால் பத்து நிமிடம் உட்கார வைத்து இதையெல்லாம் ஆங்கிலத்தில் விளக்கினார். "நேரில் வந்தால் என் அறைக்கு நான் பொறுப்பு. ஆன்லைனில் அந்த அறை உங்கள் வீட்டில் இருக்கிறது. அதற்கு நீங்கள்தான் காவல்" என்றார். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, அவள் சொல்லும் எதையும் எங்களிடம் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். நான் பலமாகத் தலையாட்டினேன். சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் போட்டேன்.

காவலுக்கு ஆள் பார்த்தார் பாருங்கள்!

எங்களுக்குக் கோயமுத்தூர்ப் பக்கம். புனேவுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. நிக்டியில் இரண்டு படுக்கையறை வீடு. அவர் சாக்கனில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். நான் ஹிஞ்சேவாடியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே பிழை இருக்கிறது என்று தேடிப் பிடித்து ஊரறியச் சொல்வதுதான் அந்த வேலை. ஆபீஸில் அதற்குச் சம்பளம் தருகிறார்கள், வீட்டில் நான் அதைச் சும்மாவே செய்துகொண்டிருந்தேன்.

மகள் இங்கேயே பிறந்தவள். அப்போது பதினொன்றாம் வகுப்பு, இங்கே அதை ஜூனியர் காலேஜ் என்பார்கள். ஆங்கில வாய்மொழித் தேர்வில் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தவள், எழுந்தபடியே நின்றாளாம். வாயைத் திறக்கவில்லை. டீச்சர் தண்ணீர் கொடுத்து, மறுநாள் வரச் சொல்லி, அதற்கும் மறுநாள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். மூன்று முறையும் அதேதான். பிறகு காலையானால் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். எங்கள் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, வயிற்றில் ஒன்றும் இல்லை, மனசுக்குள்தான் ஏதோ இருக்கிறது, தெரபிஸ்டைப் பாருங்கள் என்றார்.

யோசித்துப் பார்த்தால், வீட்டிலும் அவள் பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது. எதைக் கேட்டாலும் "ம்". துருவிக் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு வரி. வயசு அப்படி என்று விட்டுவிட்டோம். டாக்டர் வீட்டிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்டவாச்சும் வாயத் தொறந்து சொல்லு சாமி" என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிடம் எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. என் பிள்ளை என்னிடம் பேச வேண்டும். அவ்வளவுதான்.

தெரபிஸ்ட் செயலி ஒன்றில் கிடைத்தார். புனேக்காரர், மராத்திப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். லைசென்ஸ் உள்ளவர்தானா என்று பதிவு எண்ணை நானே தேடிச் சரிபார்த்தேன். புத்தி போகுமா? சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஐம்பது நிமிடம் என்று முடிவாயிற்று. ஃபேனைக் கொண்டுவந்து மகளின் அறைக்கு வெளியே வைத்தேன். அதில் மூன்று வேகம் உண்டு. முதல் வாரம் மூன்றில் வைத்தேன். இரண்டாம் வாரம், காற்று அடித்து மடித்த துணியெல்லாம் பறக்கிறது என்று இரண்டுக்கு மாற்றினேன். துணியை எதற்கு அங்கே உட்கார்ந்து மடிக்க வேண்டும் என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. மூன்றாம் வாரம் ஒன்று.

ஒன்றில் வைத்தும் பிரயோஜனம் இல்லாமல் போயிற்று. அவள் பேசியது மராத்தியில். எனக்குக் குப்பென்று ஏறியது. வீட்டுக்குள் தமிழ்தான் என்று பதினேழு வருடம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிய வைத்துவிடக் கூடாது என்று அரிச்சுவடி வாங்கி வந்து எழுதவைத்திருக்கிறேன். கடைசியில் மனசைத் திறந்து பேச ஒரு மொழி வேண்டும் என்றபோது அவள் என் மொழியைத் தொடவே இல்லை. அதுவும் எவ்வளவு சரளமாக! எங்களிடம் "ம்" என்பவள் அங்கே மூச்சு விடாமல் பேசினாள். நான் சட்டையின் கையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

என் மராத்தி காய்கறிக்கடை மராத்தி. இது எவ்வளவு, கொஞ்சம் குறையுங்கள், கொத்தமல்லி போடுங்கள். மற்றதற்கெல்லாம் இந்தியும் ஆங்கிலமும் போதுமாக இருந்தது. ஆனாலும் நாலைந்து வார்த்தை தெரியாமலா போகும்? ஆயி என்றால் அம்மா. மாஜி என்றால் என்னுடைய. நாலாவது சனிக்கிழமை அந்த இரண்டும் சேர்ந்து கதவைத் தாண்டி வந்தன. "ஆயி மாஜி சேஷ்டா கர்தே" என்றாள். சிறிது நேரம் கழித்து மறுபடியும் சேஷ்டா. அப்புறம் இன்னொரு தடவை.

சேஷ்டா என்னவென்று எனக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டுமா? நம்ம சேட்டை. குழந்தைகள் செய்யும் சேட்டை. என் அம்மா, என்னுடைய சேட்டை! சின்ன வயதில் செய்த சேட்டையை எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் பூரித்துவிட்டது. குக்கருக்குள் பொம்மையை வைத்து மூடியது, அப்பாவின் ஷூவுக்குள் தயிர் ஊற்றியது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் அவளைத் துரத்திக்கொண்டு ஓடியதையும் சொல்லியிருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"புள்ள எப்படி இருக்கறா?" என்றாள் அக்கா.

"தேறிட்டாக்கா. உள்ள உக்காந்து சின்ன வயசுச் சேட்டையெல்லாம் அந்தம்மாகிட்ட அவுத்து விட்டுட்டிருக்கறா."

"அப்பாடா! வாயத் தொறந்துட்டாளல்ல, இனி எல்லாஞ் சரியாயிரும்" என்றாள் அக்கா.

அன்றைக்கு அரிசிம்பருப்புச் சாதம் வைத்து, அவளுக்குப் பிடித்த மாதிரி நெய்யை ஊற்றி, அப்பளம் பொரித்தேன். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தட்டை அவள் முன்னால் நகர்த்தி, "என்னங்க சேட்டைக்காரம்மா, அப்பனோட ஷூவுக்குள்ள தயிர ஊத்துனதச் சொன்னீங்களா, இல்ல அத மட்டும் மறைச்சுட்டீங்களா?" என்றேன்.

கையில் எடுத்த சோற்றை அவள் தட்டிலேயே வைத்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"நீ கேட்டே?" என்றாள். தமிழில்தான் கேட்டாள். அதுதான் கடைசி.

"ஒரு வார்த்தைதான் கண்ணு காதுல விழுந்துச்சு, நானென்ன வேணும்னா..."

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் அப்பளத்தை உடைத்துக்கொண்டே, "உனக்கு அந்த வாய் மட்டும் இல்லைன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றில்தான் வைத்தேன். உள்ளே லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. பதினொன்றே காலுக்கு எனக்குப் போன் வந்தது. தெரபிஸ்ட்.

"அவள் பேசியதை நீங்கள் ஒட்டுக்கேட்டீர்களா?" என்றார். சுற்றிவளைக்கவில்லை.

"எனக்கு மராத்தி புரியாது" என்றேன்.

"நான் கேட்டது அது இல்லை."

மறுபடி எப்போது தொடங்குவது, தொடங்குவதா வேண்டாமா என்பதை இனி அவள்தான் சொல்ல வேண்டும், நீங்கள் வற்புறுத்தாதீர்கள் என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒட்டுக்கேட்டது தப்பு, சரி. ஆனால் சேட்டையைப் பற்றித்தானே கேட்டேன், கொலைக் குற்றமா செய்தேன் என்றுதான் இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எதிர் வீட்டுக்குப் போனேன். எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மராத்தியில் சித்தியைக் காக்கூ என்பார்கள். மகள் அப்படித்தான் அவரைக் கூப்பிடுவாள், நானும் அப்படியே பழகிவிட்டேன். அவர் வீட்டுக் கதவைத் தட்டி எப்போதும்போல "மீ ஆலோ" என்றேன். நான் வந்திருக்கிறேன் என்று அர்த்தம். அவரும் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டே திறந்தார். உள்ளே போய் இந்தியில் கேட்டேன், சேஷ்டா என்றால் என்ன?

"மஜாக் உடானா" என்றார்.

கேலி செய்வது. கிண்டல் பண்ணுவது. நாலு பேர் முன்னால் ஒருவரை வைத்துச் சிரிப்பது. பாவம், ஆசிரியை அல்லவா, எனக்குப் புரியவில்லையோ என்று வாக்கியத்தில் வைத்தே சொல்லிக் காட்டினார். ஆயி மாஜி சேஷ்டா கர்தே என்றால், அம்மா என்னைக் கேலி செய்கிறாள். எப்படி அதே வாக்கியம் அவர் வாயில் வந்ததோ தெரியவில்லை. மகள் அவரிடமும் சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை. டீ போட்டுத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எதைச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரியும். தெரியாத மாதிரி நடிக்க முடியாது.

மராத்தியில் ஒவ்வொரு பொருளும் ஆணோ பெண்ணோ ஏதாவது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பஸ் பெண். மழை ஆண். தெருவில் மராத்தி பேசி வளர்ந்த பிள்ளை தமிழ் பேசும்போது அதையும் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிடும். "அம்மா, பஸ் வந்துட்டா!" என்று ஐந்து வயதில் பையை மாட்டிக்கொண்டு ஓடுவாள். "வந்துட்டாளா? பட்டுப் பொடவ கட்டிட்டு வந்தாளா, சுடிதார் போட்டுட்டு வந்தாளா?" என்பேன் நான். ஜன்னலில் நின்று, "மழை வந்துட்டான்மா" என்பாள். "வரச்சொல்லு, காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போகட்டும்" என்பேன். எங்கள் ஊரில் இதற்குக் குசும்பு என்று பேர். பாலோடு சேர்த்து ஊட்டுவார்கள். அது இருந்தால்தான் எங்களை மனுஷராகவே மதிப்பார்கள். அவளும் முதலில் சிரித்தாள். ஏழெட்டு வயதில் சிரிப்பு நின்றது. பிறகு என்னிடம் பேசுவதற்கு முன்னால் ஒரு வினாடி நிறுத்தி, வாக்கியத்தை உள்ளேயே ஒத்திகை பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினாள். அந்த ஒரு வினாடியைக்கூட விட்டேனா? "என்ன கண்ணு, நெட்வொர்க் வல்லியா?" என்று அதையும் ஓட்டினேன்.

அவளுக்குப் பதிமூன்று வயதில் அக்கா மகன் கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போனோம். பந்தியில் எனக்கு இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள். பஸ் கதையை எடுத்தேன். அவளுடைய குரல், அவள் கண்ணை விரித்து ஓடி வருவது, எல்லாம் செய்து காட்டினேன். பந்தியே குலுங்கியது. பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நின்று கேட்டார். அதற்குள் அவள் தாவணியைப் பிடித்துக்கொண்டு சாப்பிட வந்தாள். பெரியப்பா ஒருவர், "ஏங்கண்ணு, பஸ்ஸு வந்துட்டாளா?" என்றார். அடுத்த இலையில் இருந்தவர், "ஒருக்காச் சொல்லு சாமி, உன்ற வாயால கேக்கணும்" என்றார். மண்டபத்தை விட்டுக் கிளம்பும்வரை யார் பார்த்தாலும் அதைத்தான் கேட்டார்கள்.

மகள் மணப்பெண் அறையில் சுவரைப் பார்த்து அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய்த் தோளைத் தொட்டு, "சும்மா தமாசுக்குத்தான் சொன்னேன். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறியே?" என்றேன். என் குரலில் எரிச்சல்தான் இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன். நல்ல நாளும் அதுவுமாக இவள் இப்படி உட்கார்ந்திருக்கிறாளே, பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எரிச்சல்.

இரண்டு வாரம் கழித்து, தெரபிஸ்ட், நாம் மூன்று பேரும் சேர்ந்து ஒரு தடவை பேசலாமா என்று கேட்டு அனுப்பினார். மகள் ஒப்புக்கொண்டாளாம், ஆனால் என் பக்கத்தில் உட்கார மாட்டாளாம். ஆகவே அவள் அவளுடைய அறையில் லேப்டாப்போடு, நான் எங்கள் அறையில் லேப்டாப்போடு. நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் பேசியது முதலில் சுவர் வழியாக வந்தது, ஒரு வினாடி கழித்து ஸ்பீக்கர் வழியாக மறுபடி வந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டேன்.

ஆங்கிலத்தில் பேசினாள். தெரபியைத் தொடர்வேன், ஆனால் இந்த வீட்டில் இருந்து இல்லை, காக்கூவின் வீட்டில் இருந்து. இன்னொன்று, அம்மாவிடம் இனித் தமிழ் பேச மாட்டேன். தமிழில் நான் எப்போதும் ஒரு ஜோக்.

"இதை ஏற்க முடியுமா உங்களால்?" என்றார் தெரபிஸ்ட்.

"அப்புறம் நான் இவளை எந்த மொழியில் கொஞ்சுவது?" என்றேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

"கொஞ்சுவதற்கு என்று நீ தனியாக ஒன்று வைத்திருக்கிறாயா?" என்றாள் அவள், ஆங்கிலத்தில். சுவர் வழியாக ஒரு முறை, ஸ்பீக்கரில் ஒரு முறை.

சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

அது பிப்ரவரி மாதம். அப்புறம் சனிக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போவாள். காக்கூ அவளை உள்ளே விட்டுவிட்டு, படியிறங்கி, கீழே சொஸைட்டி பெஞ்சில் வெயிலில் போய் உட்கார்ந்திருப்பார். ஐம்பது நிமிடமும். முழங்கால் வலிக்காரர். அவர் வீட்டில் ஃபேன் எதுவும் வைக்கத் தேவைப்படவில்லை. நான் சமையலறை ஜன்னல் வழியாக அவருடைய தலையைப் பார்த்துக்கொண்டு வெண்டைக்காய் நறுக்குவேன்.

எனக்கும் ஒருவரைப் பாருங்கள் என்று அந்தத் தெரபிஸ்ட்தான் சொன்னார். தமிழில் வேண்டும் என்று தேடிப் பிடித்தேன். சென்னையில் இருப்பவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். புதன்கிழமை எனக்கு வீட்டிலிருந்து வேலை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசுவோம். முதல் நாள் ஞாபகமாக டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் என் அறைக்கு வெளியே மூன்றில் வைத்தேன். மகள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைத் தாண்டிப் போனாள். கதவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் என்ன பேசுகிறேன் என்று தெரிந்துகொள்ள அந்த வீட்டில் யாருக்கும் ஆசை இல்லை.

மூன்றாவது வாரம் பஸ் கதையைச் சொன்னேன். பந்தி, சாம்பார் வாளி, பெரியப்பா, எல்லாம். "பட்டுப் பொடவ கட்டிட்டு வந்தாளா" என்ற இடத்தில் அந்தப் பெண் பக்கென்று சிரித்துவிட்டார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஸாரி. நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார்.

"பரவால்லீங்க, எல்லாரும் சிரிக்கற எடந்தான் அது" என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப என்ன நடந்துச்சுன்னு பாத்தீங்களா மேடம்? உங்க பொண்ணு அழுததைப் பத்திச் சொல்லத்தான் ஆரம்பிச்சீங்க. அவங்க குரல்ல பேசி நடிச்சுக் காட்டி, என்னைச் சிரிக்க வச்சிட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. நேரமாகிவிட்டது, மீட்டிங் இருக்கிறது என்று லேப்டாப்பை மூடினேன். மீட்டிங்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அடுத்த புதன் போகவில்லை. அதற்கடுத்த புதன் போனேன். இப்போது இதை எழுதும்போதுகூட அந்த இடத்தை நிதானமாக, எங்கே நிறுத்தினால் எடுபடுமோ அங்கே நிறுத்தித்தான் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு உங்களுக்குச் சிரிப்பு வந்திருந்தால் தப்பு உங்களுடையது இல்லை.

வாயைக் கட்டப் பழகினேன். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடிப்பேன். வீட்டில் ஆங்கிலமும் இந்தியும் ஓடின. சாப்பாடு ரெடி, சாவி எங்கே, லேட்டாகும். பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்து வாக்கியங்கள். கோபம் வந்தால்கூட அந்த மொழிகளில் எனக்கு ருசியாகத் திட்டத் தெரியாது. என் வீட்டுக்காரர் பாடு நிம்மதி என்றுதான் நினைக்கிறேன். மகள் வகுப்புக்கு ஒழுங்காகப் போனாள். வயிற்று வலி போயிற்று. பன்னிரண்டாம் வகுப்பில் வாய்மொழித் தேர்வை முடித்துவிட்டு வந்தாள் என்பதைக் காக்கூ சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

டிசம்பரில் ஒரு நாள் லிஃப்டில் காக்கூ, ஜூனியர் காலேஜ் ஆண்டு விழாவில் இவள் ஏக்பாத்ரி செய்கிறாளே, நீயும் வருகிறாய்தானே என்று கேட்டார். ஒருவரே மேடையில் நின்று பல பேராகப் பேசி நடிப்பது ஏக்பாத்ரி. மகள் அவருக்கு மட்டும் பாஸ் கொடுத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. வா, நான் கூட்டிப் போகிறேன் என்றார். கூப்பிடாத இடத்துக்குப் போய்க் காது கொடுப்பது எனக்குப் புதிதா என்ன? போனேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம்.

மேடைக்கு வந்தாள். அத்தனை பேர் முன்னால், வாயைத் திறக்காமல் நின்றதாகச் சொன்னார்களே, அந்தப் பிள்ளை நிமிர்ந்து நின்று மராத்தியில் கணீரென்று ஆரம்பித்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் பிள்ளை பேசுகிறாள்! நடுவில் அவள் கண் என் மேல் விழுந்தது. ஒரு வினாடி நின்றாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் செருகி, தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு, வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். அது என் நடை. ஒரு கதவைத் தட்டுகிற மாதிரி செய்து, என் குரலில், "மீ ஆலோ!" என்றாள்.

ஹால் சிரித்தது.

காய்கறிக்காரரிடம் போய் "மீ ஆலோ". வாட்ச்மேனிடம் "மீ ஆலோ". டாக்டரிடம் போய், ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு நிறுத்தம் நிறுத்தி, "மீ ஆலோ." பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள். அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும். அது அவளுக்கு வேறெங்கேயும் கிடைத்திருக்க முடியாது. என் குரல், என் நடை, என் நிறுத்தம், எல்லாம் தெரிந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன். பக்கத்தில் காக்கூ சிரிக்கவில்லை. மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குச் சிரிக்கறாங்க?" என்று இந்தியில் கேட்டேன்.

தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் வந்தேன் என்று ஆண்கள்தான் ஆலோ என்பார்கள். பெண் சொன்னால் மீ ஆலே.

பதினெட்டு வருடமாக இவர் வீட்டுக் கதவைத் தட்டி, நான் ஆம்பளை வந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காய்கறிக்கடையில், பாங்கில், பிரசவ ஆஸ்பத்திரியில், மகளின் பள்ளிக்கூட வாசலில் அவளுடைய சிநேகிதிகள் எதிரில்.

"நீங்க ஒரு தடவகூடச் சொல்லலியே?" என்றேன்.

"அதிலென்ன இருக்கிறது? யார் வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மகளுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. வாசலில் சிநேகிதிகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். காக்கூ ஆட்டோ பிடிக்கப் போனார். நான் பேசக் கூடாது என்றுதான் நினைத்தேன். பத்து மாதப் பழக்கம் எல்லாம் எங்கே போயிற்றோ, என் வாயில் தமிழ்தான் வந்தது.

"அத்தன பேத்துக்கு முன்னால என்னையவா சாமி..."

வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவள் துணிப்பையை மடித்து எனக்குக் கொடுத்தாள். என்னுடைய பைதான். முகத்தில் கோபம் இல்லை, கொஞ்சம் எரிச்சல் இருந்தது. என்னை நேராகப் பார்த்து, நிறுத்தாமல், உள்ளே ஒத்திகை எதுவும் பார்க்காமல் சொன்னாள்.

"சும்மா தமாசுக்குத்தான் சொன்னேன். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறியே?"

பத்து மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் தமிழ். தேடிப் பார்த்துவிட்டேன், அதில் ஒரு பிழைகூட இல்லை.